காய் பறிக்கிற நேரத்தில் செம்பேன்: கத்தரி, வெண்டைக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

தையில் நட்ட கத்தரி பங்குனியில் காய்க்கும். இலைக்கு அடியில் இருந்து சாறு உறிஞ்சும் மிகப் பொடியான உயிரான செம்பேன் கடலூர்ப் பக்கம் வருவதும் அதே நேரத்தில்தான். மூன்று நான்கு பறிப்பு முடிந்திருக்கும். செடி நிறையப் பூவும் பிஞ்சுமாக நிற்கும். அப்போது பார்த்து ஓரத்து வரிசையில் நாலு செடி வெளிறும். தண்ணீர் பத்தவில்லை போல என்று கூடுதலாக ஒரு தண்ணீர் விடுவோம். அடுத்த வாரம் போய்ப் பார்த்தால் இருபது செடி வெளிறியிருக்கும்.

இளஞ்செடியில் பேன் விழுந்தால் எதையாவது அடித்துவிட்டு இருபது நாள் காத்திருக்கலாம். காய் வந்துகொண்டிருக்கும்போது அந்த வசதி கிடையாது. கத்தரியை 4 அல்லது 5 நாளுக்கு ஒருமுறை பறிக்கிறோம். வெண்டையை ஒருநாள் விட்டு ஒருநாள் பறித்தாக வேண்டும், விட்டால் நார் ஏறிவிடும். இன்று சாயங்காலம் அடித்தது நாளை மறுநாள் யார் வீட்டுச் சாம்பாரிலோ போய்ச் சேரும். அதனால் இந்த நேரத்தில் பேனை எப்படிக் கையாள்வது என்பதை மட்டும் இங்கே எழுதுகிறேன். நான் கேப்பர் மலைச் சரிவில், செம்மண்ணில், அரை ஏக்கர் கத்தரியும் கொஞ்சம் வெண்டையும் போடுகிறவன். படித்ததையும் கைப்பட்டதையும் சேர்த்தே சொல்கிறேன்.

அது செம்பேன்தானா என்று பாருங்கள்

வெளிறின இலையெல்லாம் பேன் இல்லை. தத்துப்பூச்சி இருந்தால் இலையின் ஓரம் மஞ்சளாகி மேல்நோக்கி மடங்கும். சிற்றிலை நோய் என்றால் நுனி இலைகள் சிறுத்துக் கொத்தாக நிற்கும், பூ வராது. வெண்டையில் நரம்பு மட்டும் வலை போட்ட மாதிரி மஞ்சளானால் அது வெள்ளை ஈ கொண்டுவரும் மஞ்சள் தேமல். தழைச்சத்துக் குறைந்தாலும் அடியிலை மஞ்சளாகும், ஆனால் இலை முழுக்க ஒரே சீராக மாறும்.

செம்பேன் தாக்கிய இலை வேறு மாதிரி இருக்கும். மேற்புறத்தில் ஊசியால் குத்தியது போல வெள்ளை, வெளிர்மஞ்சள் புள்ளிகள் தெரியும். முதலில் நடு நரம்பை ஒட்டி இருக்கும், பிறகு பரவும். பேன் இலைச் செல்லைக் குத்தி உள்ளிருக்கும் பச்சையத்தை உறிஞ்சுவதால் வரும் புள்ளி அது. புள்ளிகள் ஒன்றோடு ஒன்று சேர்ந்ததும் இலை தாமிர நிறத்துக்கு மாறும், காய்ந்து சொரசொரக்கும், கடைசியில் உதிரும்.

உறுதிப்படுத்த ஒரு வெள்ளைத் தாள் போதும். சந்தேகப்படும் இலையைத் தாளுக்கு மேலே பிடித்து நாலு தட்டு தட்டுங்கள். மிளகுத்தூள் உதிர்ந்தது போலப் புள்ளிகள் விழும். அரை நிமிடம் அசையாமல் பாருங்கள். புள்ளி நகர்ந்தால் பேன். மெதுவாக நகர்வதுதான் செம்பேன். ஒன்றிரண்டு மட்டும் விறுவிறுவென்று ஓடினால் அவற்றை நசுக்காதீர்கள், அது செம்பேனைத் தின்னும் இரைவிழுங்கிப் பேனாக இருக்கலாம்.

பத்து மடங்கு பெருக்கும் லென்ஸ் ஒன்று வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள். செலவு அதிகமில்லை. காலை ஏழு மணி வெயிலில் கத்தரி இலை ஒன்றைத் திருப்பிப் பிடித்து அதில் முதன்முறை பார்த்தது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. நரம்புக்கும் நரம்புக்கும் நடுவில் மெல்லிய நூலாம்படை. அதில் செம்மண் புழுதி மணிமணியாகத் தொங்கியது. நூலுக்கு அடியில் கண்ணாடித் துளி மாதிரி உருண்டையான முட்டைகள், சில நிறமே இல்லாமல், சில லேசாக மஞ்சளித்து. இடையிடையே உரித்துப்போட்ட வெள்ளைத் தோல்கள். அவற்றின் மேல் எட்டுக் காலோடு, முதுகில் பக்கத்துக்கு ஒரு கரும்புள்ளியோடு, பச்சை கலந்த மஞ்சள் நிறத்தில் ஒன்று நடந்து போனது. செம்பேன் என்று பெயர் இருந்தாலும் எல்லாமே சிவப்பாக இருப்பதில்லை. சிவப்பாகத் தேடியதால்தான் அதுவரை எத்தனையோ முறை கோட்டை விட்டிருக்கிறேன். வளர்ந்த பெண் பேனே அரை மில்லிமீட்டர்தான் இருக்கும்.

அப்போதும் சந்தேகம் தீரவில்லை என்றால் நாலைந்து இலையைப் பாலித்தீன் பையில் போட்டுக் கட்டி எடுத்துப் போங்கள். கடலூர் மாவட்டத்துக்கு விருத்தாசலத்தில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. புதுச்சேரிக்காரர்களுக்குக் குரும்பாப்பட்டில் பெருந்தலைவர் காமராசர் பெயரில் இருக்கிறது. இலையைக் காட்டிக் கேட்டுவிட்டு அப்புறம் கடைக்குப் போவதே சரியான வரிசை.

ஏன் இந்த நேரத்தில் இவ்வளவு வேகமாகப் பெருகுகிறது

இது தெரிந்தால்தான் பின்னால் சொல்லும் நாள் கணக்குப் புரியும்.

இது பூச்சி இனமே இல்லை, சிலந்தியின் சொந்தக்காரன். முட்டை, ஆறுகால் குஞ்சு, இரண்டு இளம் பருவம், வளர்ந்த பேன் என்று வளரும். நம் ஊர்ப் பங்குனி, சித்திரை வெயிலில் முட்டை மூன்று நாளில் பொரிந்துவிடும். முட்டையிலிருந்து முட்டையிடும் பேனாக மாற ஒரு வாரம், பத்து நாள் போதும். ஒரு பெண் பேன் தன் வாழ்நாளில் நூறு முட்டை வரை இடும். ஆணோடு சேராத பெண்ணும் முட்டையிடும், அதிலிருந்து ஆண்கள் வரும். அதனால் காற்றில் ஒரே ஒரு பெண் பேன் வந்து விழுந்தாலும் குடும்பம் உண்டாகிவிடும்.

வெயிலும் வறட்சியும் அதற்கு உகந்தவை. புழுதியும் அப்படித்தான். டிராக்டர் போகும் பாதையை ஒட்டிய வரிசையில்தான் எங்கள் கொல்லையில் ஒவ்வொரு வருஷமும் ஆரம்பிக்கும். புழுதி படிந்த இலையில் பேனைத் தின்னும் நல்ல உயிர்கள் நடமாட முடியாமல் போகிறது என்பது அதற்கு ஒரு காரணம். யூரியா கூடினாலும் பேன் கூடும், இலைச்சாறு அதற்கு நல்ல தீனியாகிவிடுகிறது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பேனைப் பார்க்கவே முடியாது, மழை கழுவிக் கீழே தள்ளிவிடும்.

இவற்றையெல்லாம் விடப் பெரிய காரணம் நாமே செய்வது. கத்தரியில் காய்ப்புழுவுக்கு அடிக்கிறோம் இல்லையா, அதுதான். ஆறு வருஷத்துக்கு முன்னால் நான் பட்டதைச் சொல்கிறேன். குருத்து வாடிக் காய் ஓட்டையாகிக்கொண்டு வந்தது. மருந்துக் கடையில் சைபர்மெத்ரின் வகை ஒன்றும், கூட இன்னொன்றும் கலந்து அடிக்கச் சொன்னார்கள். பத்து நாள் இடைவெளியில் இரண்டு முறை அடித்தேன். புழு குறைந்தது உண்மை. ஆனால் இரண்டு வாரத்தில் தோட்டமே துருப்பிடித்தது போல ஆகிவிட்டது. செம்பேன் அந்த மருந்துக்கு அசையாது. அதைத் தின்றுகொண்டிருந்த கடுகில் பாதி அளவுள்ள கறுப்புப் பொறிவண்டும், இரைவிழுங்கிப் பேனும்தான் செத்தன. காவல் போனதும் பேன் கொண்டாட்டம் போட்டுவிட்டது. இமிடாக்ளோபிரிட் என்ற பூச்சிமருந்தைத் தொடர்ந்து அடித்த வயலிலும் பேன் கிளம்புவது தெரிந்த சங்கதிதான்.

அதனால் காய்ப்புழுவுக்கு முடிந்தவரை வாடின குருத்தைப் புழுவோடு கிள்ளி அழியுங்கள், ஓட்டைக் காயைச் செடியிலோ வரப்பிலோ விடாதீர்கள், ஏக்கருக்கு 5 இனக்கவர்ச்சிப் பொறி (ஆண் அந்துப்பூச்சியை வாசனையால் இழுத்துப் பிடிப்பது) வையுங்கள். பேன் விஷயத்தில் பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும்.

முதல் நாள்: எவ்வளவு இருக்கிறது என்று கணக்கெடுங்கள்

எந்த டேங்க்கையும் தொடுவதற்கு முன்னால் தோட்டத்தை ஒரு நடை சுற்றுங்கள். நல்ல செடிகள் உள்ள பக்கத்திலிருந்து ஆரம்பித்துப் பேன் பட்ட பக்கத்தில் முடியுங்கள். திருப்பி நடந்தால் உங்கள் வேட்டியும் சட்டைக் கையுமே பேனை நல்ல செடிக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும். பறிக்க வரும் பெண்களுக்கும் இதே வரிசையைச் சொல்லுங்கள். எங்கள் தோட்டத்தில் பறிக்கும் அத்தை, நான் சொல்லாமலே, முந்தானையை இடுப்பில் இறுக்கிச் செருகிக்கொண்டுதான் அந்த ஓரத்து வரிசைக்குள் போவார்.

ஒவ்வொரு வரிசையிலும் நாலைந்து செடி பாருங்கள். செடிக்கு மேலிலை ஒன்று, நடு இலை ஒன்று, அடியிலை ஒன்று என்று திருப்பிப் பாருங்கள். பேன் கண்ட செடியில் பழந்துணி ஒன்றைக் கட்டிவிடுங்கள். முடித்ததும் துணி எங்கெங்கே இருக்கிறது என்று தூர நின்று பார்த்தால் எந்த மூலையில் தொடங்கி எந்தப் பக்கம் போகிறது என்பது தெரியும்.

அங்கொன்றும் இங்கொன்றுமாகப் புள்ளி மட்டும் இருக்கிறது, வலை இல்லை என்றால் தண்ணீரும் வேப்பங்கொட்டைக் கரைசலும் போதும். ஒரு மூலையில் வலை கட்டியிருக்கிறது, மற்ற இடம் பரவாயில்லை என்றால் அந்த மூலையில் அடியிலைகளைக் கழித்துவிட்டு அதே வைத்தியம். பாதித் தோட்டத்துக்கு மேல் வலை, இலை தாமிர நிறம், ஆனால் இன்னும் ஆறேழு பறிப்பு பாக்கி என்றால்தான் மருந்துக் கடையைப் பற்றி யோசிக்க வேண்டும். பாக்கி இருப்பது இரண்டே பறிப்பு என்றால் எதுவும் அடிக்காதீர்கள். பறித்துவிட்டுச் செடியைப் பிடுங்குங்கள். இரண்டு பறிப்புக்காக ஒரு மருந்துச் செலவும், அடிக்கிற கூலியும், காயில் விஷமும் எந்தக் கணக்கிலும் கட்டாது.

பறித்துவிட்டு அடியுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றைத்தான் நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள். பேனுக்கு எதைத் தெளிப்பதாக இருந்தாலும், சோப்புத் தண்ணீராகவே இருந்தாலும், அன்று காலையில் பறிக்கத் தகுந்த காய் அத்தனையும் பறித்து முடித்துவிட்டுச் சாயங்காலம் தெளியுங்கள். அப்போது செடியில் பிஞ்சுதான் இருக்கும். அடுத்த பறிப்புக்கு முழு இடைவெளி கிடைக்கும்.

நம்மில் பலர் தலைகீழாகச் செய்கிறோம். நாளைக்குப் பறிப்பு, காய் பளபளவென்று இருக்க வேண்டும் என்று இன்றைக்கு அடிக்கிறோம். கடலூர் உழவர் சந்தையில் ஒரு அம்மா கத்தரிக்காயைக் கையில் எடுத்ததும் முதலில் காம்புப் பக்கத்தை மோந்து பார்ப்பார். ஏன் என்று கேட்டேன். “மருந்து வாசனை அங்கதான் தம்பி நிக்கும், புள்ளைங்க சாப்பிடுதுங்க” என்றார். அன்றிலிருந்து காம்பை நானும் மோந்து பார்த்துவிட்டுத்தான் கூடையில் போடுகிறேன்.

இலை கழிப்பது

பறிப்பு முடிந்ததும், வலை கட்டிய அடியிலைகளைக் கிள்ளி எடுங்கள். கிள்ளின இலையை வரிசைக்கு நடுவே போட்டுவிட்டுப் போகக்கூடாது. இலை வாட வாடப் பேன் இறங்கிப் பக்கத்துச் செடிக்கு ஏறும். இடுப்பில் ஒரு உரச்சாக்கைக் கட்டிக்கொண்டு அதிலேயே திணித்து, வாயைக் கட்டி, தோட்டத்துக்கு வெளியே குழியில் போட்டு ஒரு முழம் மண் மூடுங்கள்.

எவ்வளவு கழிக்கலாம்? செடியின் இலையில் கால்வாசிக்கு மேல் போகாதீர்கள். கத்திரி வெயிலில் காய் மேல் நேர்வெயில் பட்டால் வெளுத்துப்போகும், கசப்பும் ஏறும். மேலிலையில் லேசாகப் புள்ளி இருந்தாலும் விட்டுவிடுங்கள், அது காய்க்குக் குடை.

தண்ணீர் அடிப்பது

இதை யாரும் ஒரு மருந்தாக மதிப்பதில்லை. என் அனுபவத்தில் பறிப்பு நேரத்தில் இதற்கு நிகரானது வேறில்லை. மழைக்காலத்தில் பேன் ஏன் இல்லை என்று மேலே சொன்னேனே, அந்த மழையை நாமே இலைக்கு அடியில் பெய்விக்கிறோம், அவ்வளவுதான்.

முதுகில் மாட்டும் சாதா ஸ்பிரேயரில் வேகம் பத்தாது, பனி மாதிரிதான் விழும். மோட்டாரிலிருந்து அரை இஞ்சு ஓஸ் இழுத்து, முனையில் வண்டி கழுவும் கன் போட்டால் நல்லது. இல்லையென்றால் ஓஸ் முனையைக் கட்டை விரலால் பாதி அடைத்துப் பீய்ச்சினாலும் போதும். முக்கியம் என்னவென்றால், தண்ணீர் கீழிருந்து மேலாகப் போக வேண்டும். ஓஸைப் பிடித்த கையை முழங்காலுக்குக் கீழே இறக்கி, முனையை வானத்தைப் பார்க்கத் திருப்பி, இன்னொரு கையால் கிளையை லேசாகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அடியுங்கள். இலையின் மேற்புறத்தில் அடித்தால் பேன் நனையக்கூட நனையாது. பூ உள்ள நுனியில் நேராகப் பீய்ச்ச வேண்டாம், பூ கொட்டிவிடும்.

காலையில் வெயில் ஏறுவதற்கு முன் முடித்துவிடுங்கள், ஒன்பது பத்து மணிக்கெல்லாம் இலை காய்ந்துவிடும். சாயங்காலம் அடித்து இரவெல்லாம் ஈரமாக இருந்தால் வேறு நோய் வரும். அடித்து முடித்த பிறகு இரண்டு இலையைத் திருப்பி லென்ஸில் பாருங்கள். வலை அறுந்து, தோலும் புழுதியும் போய், இலை பச்சையாகத் தெரிந்தால் சரியாக அடித்திருக்கிறீர்கள். முட்டை கொஞ்சம் ஒட்டிக்கொண்டு இருக்கும். அதற்குத்தான் அடுத்த சுற்று.

பாதை ஓரத்தில் ஆரம்பிக்கிற தோட்டமென்றால் பாதையையும் காலையில் ஒருமுறை நனைத்துவிடுங்கள். நல்ல பலன் தெரிகிறது. பாசனத்தையும் தள்ளிப்போடாதீர்கள். வாடின செடியில் பேன் இரண்டு பங்கு சேதம் செய்யும்.

வேப்பங்கொட்டைக் கரைசல்

தண்ணீர் அடித்த அன்றோ மறுநாளோ சாயங்காலம் இது. கடையில் வாங்கும் வேப்பெண்ணெய் மருந்தைவிட நாமே எடுக்கும் 5 சதவீதக் கரைசலை நான் அதிகம் நம்புகிறேன். காரணம், கொட்டை எப்போது பொறுக்கியது என்று நமக்குத் தெரியும்.

ஆனி, ஆடியில் விழும் பழத்தைப் பொறுக்கி, சதையைக் கழுவி, நிழலில் காயவைத்த கொட்டை வேண்டும். வெயிலில் காய்ந்தது பலன் தராது. போன ஆடியில் பொறுக்கியது சித்திரை வரை தாங்கும், அதற்குமேல் வீரியம் குறைந்துகொண்டே போகும். பூஞ்சை பிடித்ததைத் தள்ளிவிடுங்கள்.

10 லிட்டர் கரைசலுக்கு ஓடு நீக்கிய பருப்பு 500 கிராம். அம்மியிலோ உரலிலோ கரகரப்பாக இடித்து, பழைய வேட்டித் துணியில் முடிந்து, ஒரு லிட்டர் தண்ணீரில் இரவெல்லாம் ஊறவிடுங்கள். காலையில் முடிச்சைப் பிழியப் பிழியப் பால் மாதிரி இறங்கும். இன்னும் இரண்டு முறை புதுத் தண்ணீர் விட்டுப் பிழியுங்கள், பால் நிறம் போகும் வரை. இரண்டு மடிப்புத் துணியில் வடிகட்டி, மொத்தத்தை 10 லிட்டராக்குங்கள். வடிகட்டுவதில் அவசரப்பட்டால் நாசில் அடைத்துக்கொண்டு அன்று முழுக்க ஊசியோடு உட்கார வேண்டும்.

இலையில் ஒட்டுவதற்குக் காதி சோப்பு 50 கிராமைச் சீவி வெந்நீரில் கரைத்துச் சேருங்கள். கடலோரப் பக்கம் உள்ளவர்களுக்கு இங்கே ஒரு சிக்கல் உண்டு. உப்புத் தண்ணீரில் சோப்பு நுரைக்காது, திரிதிரியாகப் போய்விடும். குளத்து நீரோ, வேறு நல்ல தண்ணீரோ ஒரு டேங்க்குக்காவது கொண்டுவந்து கலக்குங்கள்.

மாலை மூன்றரை மணிக்கு மேல் தெளிக்க வேண்டும். வேம்பின் சத்து வெயிலில் சீக்கிரம் சிதைந்துவிடும். நாசிலை மேல்நோக்கித் திருப்பி, இலையின் அடியில் சொட்டும் அளவுக்கு அடியுங்கள். கலக்கியதை அன்றே தீர்த்துவிடுங்கள்.

வேப்பெண்ணெயே பயன்படுத்துவதாக இருந்தால் லிட்டருக்கு 5 மில்லி, சோப்போடு நன்றாக அடித்துக் கலக்க வேண்டும். எண்ணெய் தனியாக மிதந்தால் இலை கருகும். முதலில் இரண்டு செடியில் அடித்து ஒருநாள் பார்த்துவிட்டுப் பிறகு மற்றதற்குப் போங்கள். வேம்பு அடித்தபின் குறைந்தது மூன்று நாள் நான் காய் பறிப்பதில்லை. விஷமில்லை என்றாலும் கசப்பும் நாற்றமும் காயில் நிற்கும், ஒருமுறை வாங்கினவர் மறுமுறை வரமாட்டார்.

மூன்று சுற்று, இடையில் விடாமல்

ஒருமுறை அடித்துவிட்டு “போயிடுச்சு” என்று நினைப்பதில்தான் எல்லோரும் ஏமாறுகிறோம். ஓடுகிற பேன் போயிருக்கும். முட்டை இருக்கும். மூன்று நாளில் அது பொரியும், அந்தக் குஞ்சு ஒரு வாரத்தில் முட்டையிட ஆரம்பிக்கும். அது பெரிதாவதற்குள் நாம் மறுபடி போக வேண்டும்.

கத்தரியில் இது பறிப்போடு அழகாகப் பொருந்துகிறது. இன்று பறிப்பு, சாயங்காலம் வேம்பு, மறுநாள் காலை தண்ணீர் அடிக்காமல் விடுங்கள், அது வேம்பைக் கழுவிவிடும். நாலாம் நாள் அல்லது ஐந்தாம் நாள் விடியற்காலை தண்ணீர், இலை காய்ந்ததும் பறிப்பு, சாயங்காலம் இரண்டாவது வேம்பு. இன்னும் நாலைந்து நாள் கழித்து மூன்றாவது முறையும் இதே மாதிரி. பத்து நாளில் மூன்று சுற்று. அதற்குப் பிறகு துணி கட்டிய செடிகளில் மட்டும் வாரம் ஒருமுறை இலையைத் திருப்பிப் பாருங்கள். பழைய இலையின் புள்ளி மறையாது, அது தழும்பு. புதிதாக வந்த நுனியிலை சுத்தமாக இருக்கிறதா என்பதை வைத்துத்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

வெண்டைக்கு இந்தக் கணக்கு அப்படியே வராது. ஒருநாள் விட்டு ஒருநாள் பறிப்பதால் வேம்புக்கே மூன்று நாள் கிடைக்காது. வெண்டையில் நான் தண்ணீரை மட்டும்தான் நம்புகிறேன். பறிக்காத நாளின் காலையில் தண்ணீர், கட்டுக்கடங்காமல் போனால் பறித்த நாளின் சாயங்காலம் லிட்டருக்கு 5 கிராம் காதி சோப்பு மட்டும் கரைத்து அடியில் தெளித்து, அடுத்த பறிப்புக் காயை நல்ல தண்ணீரில் அலசிவிட்டுத்தான் அனுப்புவேன். வெண்டைக்காயை அலசினால் நிழலில் பரப்பி முழுக்க உலர்த்திய பிறகுதான் சாக்கில் போட வேண்டும், இல்லையென்றால் கறுத்துவிடும்.

மருந்து அடித்தே தீர வேண்டும் என்ற நிலை

அப்படி ஒரு நிலை வரும், வரவே வராது என்று நான் சொல்லமாட்டேன். கடனை வாங்கிப் போட்ட வெள்ளாமை கண் முன்னால் காயும்போது யாருக்கும் பதறும். ஆனால் அந்தப் பதற்றத்தில்தான் தவறான டப்பா கைக்கு வருகிறது.

முதலில், வாங்கக்கூடாதவை. டைகோபால் என்று ஒரு பேன் மருந்து எங்கள் அப்பா காலத்திலிருந்து ஓடிக்கொண்டிருந்தது. அது மண்ணிலும் உடம்பிலும் சிதையாமல் தங்கும் என்று 2019-இல் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை என்ற உலக ஒப்பந்தத்தின் தடைப் பட்டியலில் சேர்த்தார்கள். இந்தியாவிலும் 2023-இல் தடை செய்துவிட்டார்கள். பழைய இருப்பு என்று யாராவது எடுத்துக் கொடுத்தால் வாங்காதீர்கள். மோனோகுரோட்டோபாஸைக் காய்கறியில் அடிக்கவே கூடாது. சைபர்மெத்ரின் வகைகள் பேனைப் பெருக்கிவிடும் என்று மேலேயே பார்த்தோம்.

பேனுக்கென்றே உள்ள மருந்துகளில் கத்தரிக்குச் சிபாரிசு உள்ள ஒன்று ஸ்பைரோமெசிபென் 22.9 எஸ்.சி. (22.9 சதவீதம் மருந்து உள்ள திரவம்). 10 லிட்டருக்கு 8 மில்லி. முட்டையையும் இளம் பேனையும் நன்றாகத் தாக்கும், வளர்ந்த பேனை உடனே சாய்க்காது. அதனால் மறுநாள் போய்ப் பார்த்துவிட்டு “கேட்கவில்லை” என்று இன்னொன்றை வாங்கி அடிக்காதீர்கள். ஐந்தாறு நாள் பொறுத்தால் பலன் தெரியும். பட்ட இடத்தில்தான் வேலை செய்யும் என்பதால் இதையும் இலைக்கு அடியில்தான் அடிக்க வேண்டும். ஒரே மருந்தைத் திரும்பத் திரும்ப அடிக்க வேண்டாம், பேன் வெகு சீக்கிரம் பழகிக்கொள்ளும். ஒரு பருவத்துக்கு ஒரு முறை போதும். மற்ற சுற்றுகள் தண்ணீரும் வேம்புமாக இருக்கட்டும்.

டப்பாவோடு மடித்து வைத்திருக்கும் தாளைப் பிரித்துப் படியுங்கள். பயிர் வாரியாக அளவும், கடைசித் தெளிப்புக்கும் பறிப்புக்கும் நடுவே எத்தனை நாள் விட வேண்டும் என்பதும் அதில் இருக்கும். உங்கள் பயிரின் பெயர் அதில் இல்லையென்றால் அந்த மருந்து உங்களுக்கில்லை. எழுத்து பொடிப்பொடியாக இருக்கும். வீட்டில் படிக்கிற பிள்ளையைக் கூப்பிட்டு அந்த லென்ஸைக் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். “டேங்க்குக்கு ரெண்டு மூடி” என்ற கணக்கு வேண்டவே வேண்டாம், ஒவ்வொரு டப்பா மூடியும் ஒவ்வொரு அளவு. அளவுக் குப்பி வைத்து அளந்து ஊற்றுங்கள்.

அந்த இடைநாளுக்குள் முற்றிவிடும் காயை என்ன செய்வது? பறித்து மண்ணில் புதைப்பதுதான் ஒரே வழி. மாட்டுக்கும் போடக்கூடாது. மனசு வலிக்கும், எனக்கும் வலித்தது. அந்த ஒரு பறிப்பு நஷ்டத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு மருந்துக்குப் போவதா வேண்டாமா என்று முடிவு செய்யுங்கள்.

நனையும் கந்தகத்தூளும் பேனுக்குக் கேட்கும், விலையும் குறைவு. ஆனால் நம் சித்திரை வெயிலில் அது இலையைக் கருக்கிவிடும். எண்ணெய் அடித்து இரண்டு வாரம் ஆகாத செடியிலும் கந்தகம் ஆகாது. காயிலும் வெள்ளையாகப் படியும். அதைக் குளிர்மாதப் பயிருக்கு வைத்துக்கொள்வோம்.

அடிக்கிறவரின் உடம்பும் ஒரு கணக்கு. முழுக்கைச் சட்டை, முகத்தில் துணி, கையுறை, கண்ணாடி. மதியத்துக்கு மேல் கடற்காற்று கிழக்கிலிருந்து வரும், அதற்கு முதுகைக் காட்டி நின்று அடியுங்கள். அடித்து முடித்துக் குளிக்கும் வரை வெற்றிலை, பீடி, டீ எதுவும் வேண்டாம். காலி டப்பாவை வாய்க்காலில் வீசாதீர்கள்.

மாடித்தோட்டத்துக்கு

புதுச்சேரியில் மாடியில் பத்துப் பதினைந்து தொட்டி வைத்திருப்பவர்கள் நிறையப் பேர். அவர்களுக்கு ஸ்பிரேயரே தேவையில்லை. மாடித் தளத்துச் சூடும் சுவர்ச் சூடும் சேர்ந்து அங்கே பேன் இன்னும் வேகமாகப் பெருகும், ஆனால் செடி கைக்கெட்டுகிற தூரத்தில் இருக்கிறது. பேன் பட்ட தொட்டியைத் தனியே நகர்த்துங்கள். ஈரத்துணியால் ஒவ்வொரு இலையின் அடியையும் துடையுங்கள், மூன்று நாளுக்கு ஒருமுறை, மூன்று முறை. பிறகு குழாயடியில் செடியைச் சாய்த்துப் பிடித்துக் கழுவுங்கள். மதிய வெயிலுக்குப் பாதி நிழல் தரும் பச்சை வலை கட்டினால் பாதித் தொல்லை குறையும். பூச்சிக்கு நல்லது என்று தொட்டிக்குத் தொட்டி துலுக்கச் சாமந்தி வைக்கிறார்கள். வறண்ட கோடையில் செம்பேன் முதலில் ஏறுவதே பெரும்பாலும் அந்தச் சாமந்தியில்தான். வைத்திருந்தால் அதன் இலையை முதலில் திருப்பிப் பாருங்கள்.

கடைசிப் பறிப்புக்குப் பிறகு

காய் சிறுத்து, கூலிக்குக்கூடக் கட்டாது என்ற நாள் வந்ததும் செடியை அப்படியே விட்டுவிட்டு வந்துவிடுவது எல்லோருக்கும் வழக்கம். ஆடு மேய்ந்துகொள்ளட்டும் என்று விடுவோம். காய்ந்துகொண்டிருக்கும் அந்தச் செடியிலிருந்து பேன் கூட்டம் கூட்டமாக நுனிக்கு ஏறி, நூல் விட்டு, காற்றில் மிதந்து பக்கத்து வயலுக்குப் போகும். உங்கள் அடுத்த நாற்றங்காலுக்கும் போகும். கடைசிக் கூடை ஏறிய அன்றோ மறுநாளோ பிடுங்கிக் குழியில் போட்டு மூடிவிடுங்கள். வரப்பில் நிற்கும் ஆமணக்கையும் களைச்செடிகளையும் அதே நாளில் வெட்டுங்கள், அதிலும் தங்கியிருக்கும்.

அடுத்த நாற்றங்காலுக்கு இடம் பார்க்கும்போது காற்றைப் பாருங்கள். ஆனி, ஆடியில் மேற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் காற்று அடிக்கும். பழைய கத்தரி நின்ற இடத்துக்குக் கிழக்கே நாற்றுவிட்டால் பேன் நேராக அதில் வந்து இறங்கும். மேற்கு ஓரமாக விடுங்கள். அங்கே இடமில்லை என்றால் நடுவில் நாலு வரிசை மக்காச்சோளத்தை நெருக்கி விதைத்து, அது இடுப்பளவு வந்த பிறகு நாற்றுவிடுங்கள்.